ஓர் இரவுக்கு மூன்று மாத முன்னுரை

திரைப்படங்களை ஒட்டி எழுந்த வீடியோ கேம்களுள் பெரும்பாலானவை படத்தின் காட்சிகளை வரிசை மாறாமல் அடுக்கி, இடையிடையே ஆடுபவரை ஓடவும் சுடவும் விடுவதோடு நின்றுவிடுகின்றன. ராக்ஸ்டார் டொராண்டோ நிறுவனம் பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ் ஆகிய கன்சோல்களுக்காக, அதாவது தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கருவிகளுக்காக, 2005இல் உருவாக்கிய ‘தி வாரியர்ஸ்’ விளையாட்டோ, அதன் மூலப் படம் சொல்லாமல் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது.

இக்கதையின் வேர் மிகப் பழையது. கி.மு. 401இல் பாரசீக இளவரசன் சைரஸ் போரில் மாண்டபின், பகைவர் நிலத்தினூடே கருங்கடல் நோக்கி நடந்த கிரேக்கக் கூலிப்படையின் வரலாற்றை அப்படையில் ஒருவனான செனபோன் ‘அனபாசிஸ்’ என்னும் நூலாக்கினான். அதனை நியூயார்க் தெருக்கும்பல்களின் கதையாக மாற்றி 1965இல் சோல் யூரிக் நாவல் எழுத, அந்நாவலை 1979இல் வால்டர் ஹில் படமாக்கினார். நகரத்துக் கும்பல்களை ஆயுதமின்றிக் கூட்டிய சைரஸ் என்னும் தலைவன் சுட்டுக் கொல்லப்பட, பழி வாரியர்ஸ் கும்பலின் மேல் விழுகிறது. பிராங்க்ஸிலிருந்து தம் இடமான கோனி ஐலண்டுக்கு அவர்கள் ஒரே இரவில் திரும்பியாக வேண்டும்.

படத்தில் ஒன்றரை மணி நேரத்தில் முடியும் அவ்விரவு விளையாட்டின் பிற்பகுதியில்தான் வருகிறது. அதற்கு மூன்று மாதம் முன்பே தொடங்கும் ஆட்டத்தில், ரெம்பிராண்ட் புதிதாகச் சேர்த்துக்கொள்ளப்படுவதும், வாரியர்ஸ் தலைவன் கிளியோன் பழைய கும்பலை உதறிப் புதியதை நிறுவியதும் ஆடுபவரின் கைவழியாகவே நிகழ்கின்றன. படத்தில் கிளியோன் தொடக்கத்திலேயே அடிபட்டு வீழ்வதால் பார்ப்பவருக்கு அவன் அறிமுகமான முகம் மட்டுமே. இங்கோ பல மணி நேரம் உடன் திரிந்தவன், சில வேளைகளில் ஆடுபவரே ஏற்ற வேடம். ஆகவே அவன் வீழும்போது இழப்பு உறைக்கிறது.

நுட்பங்களுள் முதலிடம் சுவரெழுத்துக்கு உரியது. வண்ணக் குப்பியைக் கொண்டு கும்பலின் பெயரைச் சுவரில் தீட்டும் அச்செயலை ஒரு பொத்தானை அழுத்தி முடித்துவிட முடியாது. எழுத்தின் வடிவைக் கட்டுப்பாட்டுக் கருவியின் குமிழால் பிசகாமல் தொடர வேண்டும், கை நடுங்கினால் வண்ணம் வீணாகும், தொடரும் நேரத்தில் முதுகுப்புறம் காவலின்றிக் கிடக்கும். படத்தில் ரெம்பிராண்டின் அடையாளமாக மட்டும் இருந்த பழக்கம் இவ்வாறு பதற்றம் மிகுந்த கைவேலையாகிறது.

தோழர்களை ஏவும் ஆணைகளும் அவ்வாறே கதையோடு பொருந்துகின்றன: தாக்கு, என் முதுகைக் காத்துக்கொள், சிதறி ஓடு என்று படைத்தலைவன் இடும் கட்டளைகளுள் கடைசியானது, சொந்தப் பேட்டையில் அரிதாகவே தேவைப்பட்டாலும், அவ்விரவில் உயிர்காப்பதாகிறது. காவலர் விலங்கிட்ட தோழனைத் திறவுகோல் இருந்தால் விடுவிக்கலாம் என்று ஆடுபவரைப் பழக்கிவிட்டு, பூங்கா இருக்கையோடு கும்பலில் ஒருவனான அஜாக்ஸ் பூட்டப்படும்போது அவ்வாய்ப்பைக் கதை பறித்துக்கொள்வது துணிச்சலான முடிவு. அஜாக்ஸுக்கும் அவன் தோழன் ஸ்வானுக்கும், படத்தில் அவர்களாக நடித்த ஜேம்ஸ் ரெமாரும் மைக்கேல் பெக்குமே கால் நூற்றாண்டுக்குப் பின் குரல் கொடுத்திருப்பதால், இரண்டையும் வேறு படைப்புகளாகக் காது ஏற்பதில்லை.

குறை இல்லாமலில்லை. குறுகிய அறைகளில் காட்சிக்கோணம் தடுமாறுகிறது. ஒளிந்து செல்லும் கட்டங்கள் அடிதடியின் வேகத்தை அறுக்கின்றன. ஆயினும், கும்பலாக வருவோரைக் கையாலும் காலாலும் வீழ்த்தியபடி முன்னேறும் இவ்வடிதடி வகைக்கே ஹில்லின் படம் ஊற்றுகளுள் ஒன்று என்பதை நினைத்தால், இவ்விளையாட்டு தாய்வீடு திரும்பிய பிள்ளை எனலாம். அந்த உறவை ஆக்கியோரும் அறிந்திருந்தனர்: முழுக் கதையையும் முடித்தவருக்கு, பழைய ஆர்கேட் கூடங்களின் பாணியில் பக்கவாட்டில் நகரும் ‘ஆர்மீஸ் ஆஃப் த நைட்’ என்னும் சிறு விளையாட்டு ஒன்று உள்ளே திறக்கிறது.