புது லப்டொப்பும் "அடிச்சுத் தாற" பெடியனும்

வன்னியில் ஒரு வீட்டுக்குப் புது லப்டொப் வந்தால், பெட்டி பிரித்த கையோடு தேடப்படுபவர் "கொம்பியூட்டர் தெரிஞ்ச பெடியன்". அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் ஒன்றுவிட்ட தம்பியாக இருக்கலாம். பம்பைமடுவுக்கு, வவுனியாப் பல்கலைக்கழகத்துக்குப் போய்வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். கிளிநொச்சியில் ரீலோட், போட்டோக்கொப்பி, லப்டொப் திருத்தம் மூன்றையும் ஒரே மேசையில் பார்க்கும் கடைக்காரராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் சொல்லும் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான்: "உள்ளுக்க கனக்கக் குப்பை கிடக்கு. எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசா விண்டோஸ் அடிச்சுத் தாறன்."

குப்பை என்பதில் பொய்யில்லை. ஒரு மாதம் சும்மா ஓடிவிட்டுப் பிறகு காசு கேட்கும் வைரஸ் தடுப்புச் செயலி மக்காஃபி, சந்தா கட்டச் சொல்லும் மைக்ரோசொஃப்ட் 365, ஸ்டார்ட் பட்டியலில் யாரும் கேளாமல் வந்து குந்தியிருக்கும் விளையாட்டுகள், லப்டொப் நிறுவனத்தின் சொந்த "உதவியாளர்" செயலிகள் என்று பட்டியல் நீளும். லப்டொப் விற்பதில் கிடைக்கும் இலாபம் மெல்லியது. தன் செயலியைப் புது இயந்திரத்தில் ஏற்றுவதற்கு மென்பொருள் நிறுவனம் கொடுக்கும் பணம் அந்த இடைவெளியை நிரப்புகிறது. 2008 மார்ச்சில் சோனி நிறுவனம் இதை அப்பட்டமாகவே காட்டிக்கொடுத்தது. வாயோ ரக லப்டொப் சிலவற்றை இந்தச் செயலிகள் இல்லாமல் வாங்க வேண்டுமானால் மேலதிகமாக 49.99 டொலர் தரவேண்டும் என்று விலை போட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் அந்தக் கட்டணத்தைக் கைவிட்டது. அழுக்கைப் பூசியவரே கழுவுவதற்குக் கூலி கேட்ட கதை.

விலையுயர்ந்த இயந்திரம் இந்தச் சுமையைத் தாங்கும். வன்னியில் பெரும்பாலும் வாங்கப்படுவது அதுவல்ல. 2022இல் டொலர் இரண்டு மாதத்துக்குள் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபின், உயர்தரத்துக்கு ஐசிரி எடுக்கும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிற தகப்பன் பார்ப்பது கடையில் ஆகக் குறைந்த விலையைத்தான். விண்டோஸ் 11 கேட்கும் ஆகக் குறைந்த நினைவகம் 4 ஜிகாபைட். அந்தக் கோட்டில் நிற்கிற இயந்திரத்தில் பின்னணியில் ஓடும் ஒவ்வொரு செயலியும் பிள்ளையின் பைதன் பாடத்துக்குரிய வேகத்தைத் தின்கிறது. போனில் டேட்டா ரீலோட் பண்ணி ஹொட்ஸ்பொட் போட்டு இணையம் பார்க்கும் வீட்டில், கேளாத செயலி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டால் அதற்கும் வீட்டுக்காரர்தான் காசு கட்டுகிறார்.

வேகம் குறைவது ஒரு தொந்தரவு. அதைவிடப் பெரிய ஆபத்தும் நடந்திருக்கிறது. 2014இன் பிற்பகுதியில் லெனோவோ தன் லப்டொப் சிலவற்றில் சூப்பர்ஃபிஷ் நிறுவனத்தின் விஷுவல் டிஸ்கவரி என்ற விளம்பரச் செயலியை ஏற்றி விற்றது. பார்க்கும் பக்கங்களில் விளம்பரம் செருகுவதற்காக, பூட்டுக் குறியுள்ள பாதுகாப்பான இணைப்புகளுக்குள்ளும் அது புகுந்தது. வங்கிக் கணக்குப் பக்கமும் விதிவிலக்கில்லை. இதற்காக ஒவ்வொரு இயந்திரத்திலும் தன்னுடைய சான்றிதழொன்றைப் பதித்துவைத்தது. எல்லா இயந்திரத்துக்கும் சாவி ஒன்றே. 2015 பெப்ரவரியில் ரொபர்ட் கிரஹாம் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் அந்தச் சாவியின் கடவுச்சொல்லைக் கண்டுபிடித்தார். அந்தப் புகுந்துபார்க்கும் தொழில்நுட்பத்தைச் செய்து கொடுத்த கொமோடியா நிறுவனத்தின் பெயரேதான் கடவுச்சொல். அதை அறிந்த எவரும் பொது வைஃபையில் இருந்தபடி இந்த லப்டொப்காரர்களை ஏமாற்றலாம் என்ற நிலை. அமெரிக்காவில் மட்டும் ஏழரை இலட்சத்துக்கு மேல் விற்றிருந்தது. 2017 செப்டெம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடனும் 32 மாநிலங்களுடனும் லெனோவோ சமரசத்துக்கு வந்து, மாநிலங்களுக்கு 35 இலட்சம் டொலர் கட்டியது.

ஆகவே பெடியனின் சந்தேகம் நியாயமானது. முழுதாக அழித்துப் போட்டால் இப்படியான வால்களெல்லாம் ஒரேயடியாக அறுந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. பெரும்பாலும் அது சரிவரும். எப்போதும் சரிவராது என்பதையும் அதே லெனோவோ காட்டியது. 2014 ஒக்ரோபருக்கும் 2015 ஏப்ரலுக்கும் இடையில் வந்த சில மாதிரிகளில் அந்த நிறுவனத்தின் செயலி வன்தட்டில் இல்லாமல், இயந்திரத்தைத் தொடக்கிவைக்கும் பயோஸ் சிப்புக்குள்ளேயே இருந்தது. விண்டோஸை எத்தனை தடவை புதிதாக அடித்தாலும் முதல் தொடக்கத்திலேயே திரும்ப வந்து குடியேறியது. பின்னர், பயோஸைப் புதுப்பித்து அதை நீக்கும் வழியை நிறுவனமே வெளியிடவேண்டி வந்தது.

இது அரிதான கேடு. இங்கே அடிக்கடி நடக்கக்கூடிய கேடு அழிப்பதில் இல்லை, அழித்தபின் எதைப் போடுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

விண்டோஸ் 8 வந்த 2012 முதல், விண்டோஸோடு விற்கப்படும் லப்டொப்பின் உரிமச் சாவி தாய்ப்பலகையிலுள்ள சிப்பிலேயே பதிந்திருக்கிறது. மைக்ரோசொஃப்ட் இலவசமாகத் தரும் நிறுவல் கோப்பை ஒரு பென்ரைவில் ஏற்றி, அதே ஹோம் பதிப்பைப் போட்டால் விண்டோஸ் அந்தச் சாவியைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். ஒரு சதமும் செலவில்லை. ஆனால் அந்தக் கோப்பு 5 ஜிகாபைட்டைத் தாண்டும். முல்லைத்தீவில் சிக்னல் தேடி வளவின் மூலையில் நிற்கும் ஒருவருக்கு அதை இறக்குவது இலேசான காரியமில்லை. அதனால் கைமாறிக் கைமாறி வந்த பழைய பென்ரைவே உதவுகிறது. அதில் இருப்பது யாரோ மாற்றியமைத்த "ப்ரோ" பதிப்பு, கூடவே அதைச் செயற்படுத்தும் கள்ளக் கருவி, உடைத்த ஒஃபிஸ். காசு கொடுத்து வாங்கிய உண்மையான உரிமம் சிப்புக்குள் தூங்க, அதன் மேல் களவு விண்டோஸ் ஓடுகிறது. பிஎஸ்ஏ என்ற மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கை, இலங்கையில் நிறுவப்பட்ட மென்பொருள்களில் 77 வீதம் உரிமமில்லாதவை என்று மதிப்பிட்டது. மென்பொருள் விற்கிறவர்களின் கணக்கு என்பதால் சற்றுக் கழித்துப் பார்க்கலாம். கழித்தாலும் மிஞ்சுவது கொஞ்சமில்லை.

களவு என்ற ஒழுக்கப் பிரச்சினையை ஒருபக்கம் வைப்போம். இந்தச் செயற்படுத்தும் கருவிகளை ஓடவிட முதலில் விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பான டிஃபென்டரை நிறுத்தச் சொல்வார்கள். 2021 டிசெம்பரில் ரெட் கனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. கேஎம்எஸ்பிக்கோ என்ற பிரபலமான செயற்படுத்தும் கருவியின் பெயரில் சுற்றிய நிறுவியொன்றில், கடவுச்சொற்களைத் திருடும் கிரிப்ட்பொட் ஒளிந்திருந்தது. மக்காஃபி காசு கேட்டுத் தொந்தரவு செய்யும், ஆனால் கேட்டுத்தான் எடுக்கும். கிரிப்ட்பொட் கேட்பதில்லை. தயாரிப்பாளர் போட்ட வேண்டாத செயலியை விரட்டி, யார் எழுதியதென்றே தெரியாத வேண்டாத செயலியைக் குடியேற்றுவதைச் சுத்தம் என்று சொல்வது கடினம்.

சில்லறை நட்டங்களும் உண்டு. வைஃபை ட்ரைவர் போனால் அதை இறக்குவதற்கே இணையம் இருக்காது. நிறுவனம் தந்த மீட்புப் பகுதி அழிந்தால், பின்னால் பழைய நிலைக்குத் திருப்புவது கடினம். வாங்கும்போது "ஒஃபிஸ் ஹோம் அன்ட் ஸ்டுடென்ட்" விலைக்குள்ளேயே அடங்கியிருந்தால், அழிக்க முன்னரே அதை மைக்ரோசொஃப்ட் கணக்கொன்றில் சேர்த்துவிட வேண்டும். கடையில் இதை யாரும் கேட்பதில்லை, வாங்கியவருக்கும் தெரிவதில்லை.

பெடியன் மீது முழுப் பழியையும் போடுவது அநியாயம். தேவையானது வராமல் வேண்டாதது வந்தபடியால்தான் அவருக்கே வேலை வந்தது. எங்கள் பிரதேச அச்சகங்களும் பல அலுவலகங்களும் இன்னும் பாமினி எழுத்துருவில் கடிதம் அடிக்கின்றன. எந்தப் புது லப்டொப்பிலும் அது இல்லை. யுனிகோட்டுக்கு வேண்டிய தமிழ் 99 விசைப்பலகை 2019 முதல் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, ஆனால் அமைப்புகளுக்குள் போய்த் தோண்டி எடுக்கவேண்டும். போதாததற்கு, தெற்காசியாவில் விற்பவற்றில் பல "ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்" பதிப்போடு வருகின்றன. பெயர் சொல்வதுபோல அதன் உரிமம் திரைமொழி ஒன்றுக்கு மட்டுந்தான். பாமினி, தமிழ் விசைப்பலகை, விஎல்சி என்று பிள்ளைக்கும் அலுவலகத்துக்கும் உதவுகிறவற்றைப் போட்டுத் தருபவர் இந்தப் பெடியன்தான்.

அழித்தே ஆகவேண்டிய இயந்திரமும் ஒன்று உண்டு. கனடாவிலிருந்தோ பிரான்ஸிலிருந்தோ மாமா பாவித்துவிட்டுக் கொடுத்தனுப்பும் லப்டொப். அதில் அவருடைய கணக்குகள், சேமித்த கடவுச்சொற்கள், சிலவேளை அவர் வேலைசெய்த இடத்தின் கோப்புகளும் இருக்கும். அங்கே அரைகுறையாகத் துடைப்பதுதான் பிழை. விசைகளில் எழுத்துகள் பிரெஞ்சு ஒழுங்கில் அச்சடித்திருப்பதை மட்டும் எந்த விண்டோஸாலும் திருத்தமுடியாது.

கடையிலிருந்து நேரே வந்த புதியதற்கு இவ்வளவு தேவையில்லை. அமைப்புகளில் செயலிகள் பட்டியலைத் திறந்து, பெயர் தெரிந்த வேண்டாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கினால் போதும். அரை மணித்தியால வேலை, டேட்டாவும் போகாது. மக்காஃபியை எடுத்ததும் டிஃபென்டர் தானாக விழித்துக்கொள்ளும். லப்டொப் நிறுவனத்தின் செயலிகளில் பயோஸையும் ட்ரைவரையும் புதுப்பிக்கிற ஒன்றை விட்டுவைப்பது நல்லது. ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் உருவியெடுக்கும் "டீபுளோட்" நிரல்களும் உலாவுகின்றன. வரி வரியாக வாசித்து விளங்குபவருக்கு அவை நல்ல கருவி. மற்றவர்களுக்கு, எது உடைந்தது என்பது ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும்.

ஏற்கெனவே அடித்துக் கொடுத்த லப்டொப் வைத்திருப்பவர்கள் அமைப்புகளில் "ஆக்டிவேஷன்" பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். வாங்கிய உரிமம் அப்படியே இருந்தால் "டிஜிட்டல் லைசன்ஸ்" என்று காட்டும். கேஎம்எஸ் வகைக் கள்ளக் கருவியால் திறந்திருந்தால், உங்கள் நிறுவனத்தின் செயற்படுத்தும் சேவை மூலம் விண்டோஸ் இயங்குகிறது என்ற பொருளில் ஒரு வரி வரும். தருமபுரத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையின் லப்டொப்பில் அந்த வரி தெரிந்தால், அது எந்த நிறுவனம் என்று அடித்துத் தந்தவரிடமே போய்க் கேட்கலாம்.