வில்லன் வீழ்ந்த பிறகும் உட்கார்ந்திருங்கள்

விஞ்ஞானப் படங்களில் கடைசிச் சண்டை முடிந்து உலகம் பிழைத்துக்கொண்டதும் பலருக்குப் படமே முடிந்துவிடுகிறது. தியேட்டரில் செருப்பைத் தேடுகிறார்கள். வீட்டில் செல்போனைக் கையில் எடுக்கிறார்கள். அந்தப் படம் யாருக்காக எடுக்கப்பட்டது என்பது தெரியவருவதே அதற்குப் பிறகு வரும் ஐந்து நிமிடங்களில்தான். எங்கிருந்தோ வந்து, ஒரே ஆபத்தை எதிர்த்துத் தோளோடு தோள் நின்ற இருவர் பிரிகிற நிமிடங்கள் அவை. அவற்றைப் பார்க்கக் கொஞ்சம் பழகிக்கொண்டால், ஏற்கெனவே பார்த்த படங்கள்கூடப் புதிதாகத் தெரியும்.

பிரிவு எல்லாக் கதைகளிலும் உண்டு. ஆனால் ஊரைவிட்டுப் போகிறவருக்கு ரயில் இருக்கிறது, போன் இருக்கிறது, அடுத்த தீபாவளி இருக்கிறது. விஞ்ஞானக் கதையில் பிரிகிறவர்களுக்கு நடுவே நட்சத்திரங்கள் நிற்கின்றன, காலம் நிற்கிறது, சில சமயம் ஒரு முழுப் பிரபஞ்சமே நிற்கிறது. அந்தத் தடையைப் போட்டது அந்தக் கதையே தனக்கு வகுத்துக்கொண்ட விதி. அதனால் நான் முதலில் பார்ப்பது, இவர்களைப் பிரிக்கிற விதி எது, அது நமக்கு எப்போது சொல்லப்பட்டது என்பதைத்தான். ஆரம்பத்திலேயே சொல்லப்பட்டு, நடுவில் நாம் மறந்து, முடிவில் திரும்பி வந்து நிற்கும் விதி என்றால் அந்தக் காட்சி மனதில் நின்றுவிடும். கடைசி நிமிடத்தில் அவசரமாகக் கண்டுபிடித்த விதி என்றாலும் கண்ணீர் வரத்தான் செய்யும். ஆனால் வெளியே வந்து டீ குடிப்பதற்குள் காய்ந்துவிடும்.

அடுத்ததாக, அந்த இருவருக்குள் உள்ள கணக்கைப் பார்க்க வேண்டும். நல்ல விடைபெறும் காட்சியில் புதிதாக எதுவும் வருவதில்லை. அங்கே பேசப்படும் சொல், கைமாறும் பொருள், தொடுகிற விதம் எல்லாமே முன்பு எங்கோ விளையாட்டாக வந்தவை. ஒருவர் மற்றவருக்குக் கற்றுக்கொடுத்தது வட்டியோடு திரும்பி வருகிறது.

இதற்குப் பாடமாக வைக்கத் தகுந்த படம் 1982இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த 'ஈ.டி.'தான். திரைக்கதையை எழுதியவர் மெலிசா மாத்திசன். கடைசிக் காட்சியை மட்டும் ஓடவிட்டுப் பாருங்கள். காட்டுக்குள் கப்பல் இறங்கி நிற்கிறது. பூமியில் விடுபட்டுப்போன வேற்றுக்கிரகவாசி ஈ.டி., தனக்கு அடைக்கலம் தந்த வீட்டின் மூன்று குழந்தைகளிடமும் தனித்தனியாக விடைபெறுகிறது, சின்னவள் கெர்டியிடம் தொடங்கி. கெர்டி ஒரு பூந்தொட்டியை நீட்டுகிறாள். ஈ.டி. அவளிடம் சமர்த்தாக இருக்கும்படி சொல்கிறது. அந்தச் சொற்கள் அவள் கற்றுக்கொடுத்தவை. டிவியில் எழுத்துப் பாடம் ஓடிக்கொண்டிருந்தபோது அவள் வாயிலிருந்து அது முதலில் பிடித்துக்கொண்ட ஒலிகள். மாணவன் போகும்போது டீச்சருக்கு அவள் பாடத்தையே திருப்பிச் சொல்லிவிட்டுப் போகிறான்.

அந்தப் பூந்தொட்டியையும் விட்டுவிடாதீர்கள். ஈ.டி.யின் உயிர் ஒடுங்கும்போது வாடி, அது பிழைக்கும்போது நிமிர்ந்த பூ அது. இன்னும் பின்னால் போனால், படத்தின் முதல் காட்சியில் அந்தக் கூட்டம் பூமிக்கு இறங்கியதே செடி சேகரிக்கத்தான். ஆட்கள் துரத்தியதால் கப்பல் அவசரமாகக் கிளம்பியது, ஒருவன் மட்டும் விடுபட்டுப் போனான். முடிவில் அவன் ஏறும்போது கையில் ஒரு செடி இருக்கிறது. வந்த வேலையை முடித்துக்கொண்டுதான் போகிறான். அதைக் கொடுத்தவள் ஒரு குட்டிப் பெண் என்பதுதான் இடையில் நடந்த அத்தனைக்கும் சாட்சி.

பிறகு, அதற்கு மிக நெருக்கமான சிறுவன் எலியட். அவனிடம் ஈ.டி. வரச் சொல்லிக் கேட்கிறது, அவன் அதை இருக்கச் சொல்லிக் கேட்கிறான். ஆளுக்கொரு சொல், அவ்வளவுதான். அதன்பின் ஈ.டி. தன் மார்பைத் தொட்டுக் காட்டி ஒரு வலிச்சொல் சொல்கிறது. எலியட் ஒரு நாள் விரலை வெட்டிக்கொண்டபோது கத்திய அதே சொல். தோலில் பட்ட காயத்துக்கு அன்று அது கேட்டறிந்த வார்த்தையை இன்று நெஞ்சுக்குப் பயன்படுத்துகிறது. பூமியில் கற்ற சில சொற்களை வைத்துக்கொண்டு, தனக்குத் தெரியாத ஓர் உணர்ச்சிக்கு அதுவே பெயர் வைத்துவிட்டது. வசனம் எழுதும் கலையில் இதைவிடச் சிக்கனமான இடத்தை நான் பார்த்ததில்லை.

எலியட் ஏன் கப்பலில் ஏறவில்லை என்று குழந்தைகள் கேட்பார்கள். பதில் படத்தின் தொடக்கத்தில் சாப்பாட்டு மேஜையில் இருக்கிறது. அப்பா இன்னொருத்தியோடு மெக்சிகோ போய்விட்டார் என்று எலியட் போட்டு உடைக்க, அம்மா அழுகையை அடக்கிக்கொண்டு எழுந்துபோகிறாள். முறையாக விடைபெறாமல் ஒருவர் கிளம்பிப்போன வீடு அது. காட்டில் நடப்பது அந்தக் குடும்பம் பார்க்கும் முதல் ஒழுங்கான பிரிவு. அம்மாவும் அங்கே மண்டியிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பையனும் கிளம்பிவிட்டால் அவளுக்கு இரண்டாவது ஆளும் போனதாகிவிடும். தன் பெற்றோரின் மணமுறிவிலிருந்துதான் இந்தக் கதை முளைத்தது என்று ஸ்பீல்பெர்க் சொல்லியிருக்கிறார்.

அந்தக் குழந்தைகளின் முகத்தில் ஓடுவது நடிப்பு மட்டுமில்லை. படங்களை வசதிக்கேற்ப முன்பின்னாக எடுப்பதுதான் வழக்கம். ஸ்பீல்பெர்க் இதைப் பெரும்பாலும் கதையின் வரிசையிலேயே எடுத்தார். கடைசிக் காட்சிக்கு வரும்போது குழந்தைகளுக்கும் அந்த பொம்மையோடு பழகிய நாட்கள் முடியப்போகின்றன என்று தெரியும். இசைக்கும் ஒரு கதை உண்டு. ஏறக்குறைய கால்மணி நேரம் நீளும் அந்த இறுதிப் பகுதிக்கு ஜான் வில்லியம்ஸ் இசைக்குழுவை வைத்துப் பதிவு செய்தபோது, ஓடும் படத்தோடு தாளம் பொருந்திவரவில்லை. படத்தை நிறுத்திவிட்டுக் கச்சேரி போல மனம்போல வாசியுங்கள் என்றார் ஸ்பீல்பெர்க். பிறகு அந்த இசைக்கு ஏற்பப் படத்தை வெட்டி ஒட்டினார். வழியனுப்பும் காட்சி ஒரு பாட்டுபோல மூச்சு வாங்கி எழுகிறது என்றால் அதுதான் காரணம். ஒருமுறை கண்ணை மூடிக் கேளுங்கள். அடுத்தமுறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு அனுபவம்.

கையைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்த படம் 'டெர்மினேட்டர் 2'. ஜேம்ஸ் கேமரூன், 1991. உருக்காலையில் எதிரி அழிந்துவிட்டது. ஆனால் காவலுக்கு வந்த இயந்திர மனிதனின் தலைக்குள்ளும் ஒரு சில்லு இருக்கிறது. அது எஞ்சினால் வரக்கூடாத எதிர்காலம் வந்துவிடும். தன்னைத்தானே அழித்துக்கொள்ள அதற்கு அனுமதியும் இல்லை. படம் முழுக்க அதற்கு எஜமான் சிறுவன் ஜான். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் நிற்கும், ஆளைக் கொல்லாதே என்றால் கொல்லாது. இப்போது ஜான் அழுதுகொண்டே, போகக்கூடாது என்று உத்தரவு போடுகிறான். அந்த ஓர் உத்தரவை மட்டும் அது ஏற்கவில்லை. கீழ்ப்படிவதற்கென்றே அனுப்பப்பட்ட ஒன்று மறுக்கிறபோதுதான் அது வளர்ந்துவிட்டது என்று புரிகிறது.

எல்லோர் கண்ணும் ஜான் மேல் இருக்கும். நீங்கள் அவன் அம்மா சாராவைப் பாருங்கள். அவள் கையை நீட்டுகிறாள். அது பிடித்துக் குலுக்குகிறது. பிறகு அதைக் கீழே இறக்கும் பொத்தானை அவள்தான் அழுத்தவேண்டும். 1984இல் வந்த முதல் படத்தின் முடிவு ஞாபகமிருக்கிறதா? இதே முகத்தோடு கொல்ல வந்த இயந்திரத்தை நசுக்க, அழுத்தும் எந்திரத்தின் பொத்தானைத் தட்டியதும் சாராவின் கைதான். ஏழு வருடம் கழித்து அதே கை, அதே வேலை. அன்று வெறி, இன்று கைகுலுக்கல். இரண்டு படங்களின் கடைசிப் பத்து நிமிடத்தை ஒரே இரவில் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

நம் ஊரிலும் இந்த வரிசையில் தாராளமாக வைக்கக்கூடிய ஒன்று உண்டு. 2010இல் ஷங்கர் எடுத்த 'எந்திரன்'. சுஜாதா கடைசியாகப் பங்களித்த படங்களில் ஒன்று. வெளிவரும்போது அவர் இல்லை. ரோபோ சிட்டியைக் கழற்றிப் போட நீதிமன்றம் உத்தரவிடுகிறது. தன் கையாலேயே பாகம் பாகமாகப் பிரித்துக்கொண்டு, பேசிக்கொண்டே விடைபெறுகிறது சிட்டி. பாம்பாகவும் பந்தாகவும் உருமாறிய ரோபோ கூட்டத்தின் ஆரவாரத்துக்குப் பிறகு வருவதால் பலர் இந்தக் காட்சியை ஒரு சம்பிரதாயமாகத் தாண்டிவிடுகிறார்கள். சிட்டி ஏற்கெனவே ஒருமுறை துண்டானதை நினைத்துக்கொண்டு பாருங்கள். ராணுவ அதிகாரிகள் முன்னால் காதல் பேசிக் காரியத்தைக் கெடுத்ததற்காக, அதை உருவாக்கிய விஞ்ஞானி வசீகரன் கோடாலியால் வெட்டிக் குப்பையில் எறிந்தார். அன்று படைத்தவன் கோபத்தில் செய்ததை இன்று படைப்பு நிதானமாகத் தானே செய்துகொள்கிறது, பார்த்து நிற்கவேண்டியவர் வசீகரன். ரஜினிகாந்த் இரண்டு வேடம் என்பதால் ஒரே முகம் தன்னைத்தானே வழியனுப்புகிறது. 2030இல் அருங்காட்சியகத்தில் பள்ளிச் சிறுமியின் கேள்விக்குச் சிட்டி தரும் பதிலோடு படம் முடிவது எனக்கு எப்போதும் பிடிக்கும். தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்கிறது. பிரித்த விதி எது என்று கேட்கச் சொன்னேனே, இங்கே அதைப் பிரிந்துபோனவரே சொல்லிவிடுகிறார்.

'ஸ்டார் டிரெக்'கின் இரண்டாவது படமும் ஈ.டி. வந்த அதே 1982 ஜூனில்தான் வந்தது. கதிர்வீச்சு அறைக்குள் ஸ்பாக், கண்ணாடிக்கு வெளியே கேப்டன் கிர்க். இதில் ஒரேயொரு அசைவைப் பிடித்துக்கொண்டால் போதும். சாகும் தறுவாயில் எழுந்து நிற்கும் ஸ்பாக், நண்பனைப் பார்க்கத் திரும்புமுன் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொள்கிறான். வாழ்நாளெல்லாம் உணர்ச்சியைக் கட்டிவைத்தவன் காட்டும் பாசம் அதுதான். எவராலும் ஜெயிக்க முடியாத ஒரு பயிற்சித் தேர்வோடு படம் தொடங்குவதையும், பிறந்தநாள் பரிசாக ஸ்பாக் கொடுக்கும் புத்தகம் பிறனுக்காக உயிர்விடும் ஒருவனின் கதை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு முதலிலேயே எழுதப்பட்டிருப்பது தெரியும். 1984இல் வந்த அடுத்த படத்தில் ஸ்பாக் திரும்பி வந்துவிடுகிறானே, அப்போது அந்தக் கண்ணீர் வீண்தானே என்று கேட்பவர்கள் உண்டு. வீணில்லை. கண்ணாடியில் கைவைத்து நின்ற இருவருக்கும் அந்த நேரத்தில் அது தெரியாது.

நேரம் குறிக்கப்பட்ட பிரிவு இன்னொரு வகை. பிபிசியின் 'டாக்டர் ஹூ' தொடரில் 2006 ஜூலையில் ஒளிபரப்பான 'டூம்ஸ்டே' அத்தியாயம். நார்வேயின் கடற்கரை ஒன்றில், தொடரின் நாயகன் டாக்டரோடு பயணம் செய்துவந்த ரோஸ் நிற்கிறாள் (படம் பிடித்தது வேல்ஸில்). அவளுக்கும் டாக்டருக்கும் நடுவே இரண்டு பிரபஞ்சங்களின் சுவர் அடைபட்டுவிட்டது. விடைபெறும் உருவத்தை மட்டும் அனுப்புவதற்காக அவர் ஒரு சூரியனையே எரித்துக்கொண்டிருக்கிறார். கிடைப்பது இரண்டு நிமிடம், தொட முடியாது. அவள் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறாள். அவர் பதிலைத் தொடங்குகிறார், வாக்கியம் பாதியில் அறுந்துவிடுகிறது. முதல் ஒரு நிமிடத்தை அவர்கள் எவ்வளவு சாதாரணப் பேச்சில் செலவழிக்கிறார்கள் என்று கவனியுங்கள். குடும்பம், வேலை, யார் எப்படி இருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலிலும் விமான நிலையத்திலும் நாம் பேசுவது அதுதானே. 2008இல் கதை மீண்டும் அதே கடற்கரைக்கு வந்து ரோஸுக்கு ஓர் ஆறுதல் கொடுத்தது. எனக்கு அந்த அறுந்த வாக்கியம்தான் நேர்மையாகப் படுகிறது.

கடைசியாக, கண்ணீரே இல்லாத ஒன்று. சத்யஜித் ரே 1962இல் எழுதிய 'பங்குபாபுவின் நண்பன்' என்ற வங்காளச் சிறுகதை. பின்னாளில் அவர் எழுதி, கடைசிவரை எடுக்கப்படாமல்போன 'ஏலியன்' திரைக்கதைக்கு விதை. பங்குபாபு கிராமத்துப் பள்ளி ஆசிரியர். மாலையில் ஊர்ப் பெரியமனிதர் வீட்டில் கூடும் கும்பலுக்கு அவர்தான் கேலிப்பொருள். ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. மூங்கில் தோப்பில் இறங்கிய வேற்றுக்கிரகவாசி ஆங் அவருக்குத் துருவத்தையும் பிரேசில் காட்டையும் காட்டிவிட்டு, நீ அநியாயத்துக்கு அடங்கிப்போகிறாய், அவமானப்படுத்தினால் எதிர்த்துக் கேள் என்ற பொருளில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. தழுவல் இல்லை, பரிசு இல்லை. இந்தக் கதையில் விடைபெறுதலைத் தேடினால் தோப்பில் கிடைக்காது. அதே இரவு பங்குபாபு அந்தக் கூட்டத்துக்குள் நுழைந்து, உரக்கச் சிரித்து, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நேருக்குநேர் கேட்கிறாரே, அங்கே இருக்கிறது. ஆங் அப்போது பக்கத்தில்கூட இல்லை. படமோ புத்தகமோ, பிரிவுக் காட்சி முடிந்த பிறகும் நான் இரண்டு பக்கம் தள்ளிப் படிப்பதும், எழுத்துகள் ஓடத் தொடங்கும்வரை எழாததும் பங்குபாபுவால் வந்த பழக்கம்.