அடக்க வேண்டாத மூச்சு

நல்லூரில் யோகம் என்றால் ஒரு தனி மரியாதை உண்டு. தேரடியில் திரிந்த செல்லப்பா சுவாமிகளும் அவருடைய சீடரான கொழும்புத்துறை யோகர் சுவாமிகளும் தேடித்தந்த மரியாதை அது. மூச்சுப் பயிற்சி வகுப்பு நடத்துபவருக்கு அதில் ஒரு பங்கு உழைக்காமலே வந்து சேர்கிறது. அவர் முன்னால் இருப்பவர்களோ துறவிகள் அல்லர். பிறஷருக்கும் சலரோகத்துக்கும் குளிசை எடுப்பவர்கள், தொய்வுக்குப் பம்ப் இழுப்பவர்கள், மாதாமாதம் கொப்பியோடு கிளினிக்குக்குப் போய் வருபவர்கள். இவர்களுக்கு மூச்சுப் பயிற்சி நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்டால் உருப்படியான விடை கிடைக்காது. எந்தப் பயிற்சி, யாருக்கு, எதற்கு என்று பிரித்துக் கேட்கவேண்டும். பிரித்துப் பார்த்தால், மரபு தொடக்கப் படியாகக் கடந்து செல்கிற மெல்லிய மூச்சுக்கே நல்ல சான்றுகள் இருக்கின்றன. மரபு உச்சமாகப் போற்றும் அடக்கலும் வேகமும்தான் வருத்தக்காரருக்கு ஆகாதவை.

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் தரும் கணக்கு 16, 64, 32. உள்ளே இழுப்பதைப் போல நான்கு மடங்கு நேரம் அடக்கி, இரு மடங்கு நேரத்தில் விடவேண்டும். பல ஆண்டுப் பழக்கமும் கட்டுப்பட்ட உணவும் உள்ள திடகாத்திரமான உடலை எண்ணிச் சொல்லப்பட்ட கணக்கு அது. இரத்த அழுத்தம் கூடியவரோ இதயம் தளர்ந்தவரோ மூச்சை இறுக்கிப் பிடித்தால் நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி, இரத்த அழுத்தம் ஏறியிறங்குகிறது. மரபு இதை அறியாமல் இல்லை. முறை தவறிய பிராணாயாமத்தால் விக்கல், இழுப்பு, இருமல், தலை, காது, கண் நோவு வரும் என்று ஹடயோகப் பிரதீபிகையே எச்சரிக்கிறது. வகுப்புகளில் அந்த நூலின் புகழ்ச்சிகள் அடிபடுகிற அளவுக்கு இந்த எச்சரிக்கை அடிபடுவதில்லை. வேகமூச்சான கபாலபாதி செய்த 29 வயதுப் பெண்ணுக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்ததை 2004-இல் ஒரு மருத்துவ இதழ் பதிவு செய்தது. அவர் நோயாளிகூட அல்லர். ஒரே ஒரு சம்பவத்தை வைத்து அந்தப் பயிற்சியையே தள்ளிவிட முடியாதுதான். ஆனால் நுரையீரல் ஏற்கெனவே பழுதானவரை வேகமூச்சில் இறக்கும் முன் யோசிக்க அது போதும்.

மெல்லிய மூச்சின் கதை வேறு. நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை விட்டால் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு மூச்சு வரும். இந்த வேகத்தில் இரத்த அழுத்தத்தைக் கண்காணித்து இதயத் துடிப்பைத் திருத்தும் நரம்பு அனிச்சை கூர்மையடைகிறது. இத்தாலியரான பெர்னார்டியும் குழுவினரும் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், செபமாலை சொன்னவர்களுக்கும் மந்திரம் சொன்னவர்களுக்கும் மூச்சு ஒன்றுபோல ஆறுக்கு இறங்கியது. பாசையூரில் செபமாலை உருட்டும் ஆச்சியும் நல்லூர் வீதியில் மந்திரம் முணுமுணுக்கும் ஐயாவும் அறியாமல் ஒரே பயிற்சியைச் செய்கிறார்கள் என்று இதை வாசிக்கலாம். அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் நலமானவர்கள். ஆனால் மறு ஆண்டு இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடமும் அதே அனிச்சை கூர்மையடைந்ததை அந்தக் குழு காட்டியது. புதுச்சேரி ஜிப்மரில் இரத்த அழுத்தமுள்ள 23 பேர் ஐந்து நிமிடம் இதே வேகத்தில் மூச்சுவிட்டபோது துடிப்பும் மேல் அழுத்தமும் குறைந்தன. ஆனால் அது உடனடி விளைவு மட்டுமே. ஐந்து நிமிடத்தில் இறங்கியது அடுத்த நாள்வரை நிற்குமா என்பதற்கு அதில் விடை இல்லை.

இதெல்லாம் மனப்பிராந்திதான் என்பவர்களுக்கு 1990-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு நல்ல பதில். இலேசான தொய்வுள்ள 18 பேருக்கு, மூச்சு விடும் நேரத்தை இழுக்கும் நேரத்தின் இரு மடங்காக்கும் கருவி ஒன்றும், பார்வைக்கு அதேபோன்ற போலிக் கருவி ஒன்றும் முறைமாற்றிக் கொடுக்கப்பட்டன. உண்மைக் கருவியைப் பயன்படுத்திய காலத்தில், மூச்சுக் குழாய்களைச் சுருங்கவைக்க முன்பைவிடக் கூடுதலான ஹிஸ்டமின் தேவைப்பட்டது. போலியில் அந்த மாற்றம் இல்லை. அதேவேளை நுரையீரல் அளவீடுகள் குறிப்பிடத்தக்க அளவுக்கு உயரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். பின்னர் வந்த பெரிய ஆய்வுகளும் இந்த இடத்திலேயே நிற்கின்றன. 2016-இல் 15 பரிசோதனைகளைத் தொகுத்த காக்ரேன் ஆய்வு, யோகத்தால் தொய்வுக்காரரின் வாழ்க்கைத் தரத்திலும் அறிகுறிகளிலும் சிறு முன்னேற்றமே கண்டது. இந்தியாவின் 24 வைத்தியசாலைகளில் மாரடைப்பிலிருந்து மீண்ட 3,959 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான பரிசோதனையில், யோகம் மறுமாரடைப்பையோ மரணத்தையோ தெளிவாகக் குறைத்ததாக நிறுவப்படவில்லை. ஆனால் செய்தவர்கள் பழைய வேலைகளுக்கு நன்றாகத் திரும்பினார்கள். அதில் ஆசனங்களும் இருந்ததால் முழுப் பெருமையையும் மூச்சுக்கே கொடுக்கவும் முடியாது.

நோய் மாறாமல் ஆள் மட்டும் தேறுவது எப்படி? மூச்சு முட்டும்போது பயம் வருகிறது. பயத்தில் மூச்சு வேகமாகிறது. குழாய் ஒடுங்கியவருக்கு வேகமூச்சில் உள்ளே போன காற்று முழுவதும் வெளியேறுவதில்லை. நெஞ்சு ஊதி நின்று முட்டல் மேலும் கூடுகிறது. நீண்ட வெளிமூச்சு இந்தச் சுற்றை அறுக்கிறது. மூல நோய் அப்படியே இருக்க, அதன்மேல் ஏறிய துன்பம் இறங்குகிறது. நாள்பட்ட வருத்தத்தோடு காலம் தள்ளுபவருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

அடக்கல் இல்லாவிட்டால் அது பிராணாயாமமே இல்லை என்பார் மரபாளர். பதஞ்சலியின் இலக்கணப்படி அவர் சொல்வது சரிதான். அப்படியானால் வருத்தக்காரருக்குத் தேவை பிராணாயாமம் அல்ல என்று விட்டுவிடலாம். உதட்டைக் குவித்து ஊதச் சொல்லும் பிசியோதெரபி இதைத்தானே செய்கிறது, யோகம் எதற்கு என்ற கேள்வி அதைவிடக் கனமானது. உடலளவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் வைத்தியசாலையில் கற்றது வீட்டில் கைவிடப்படுவதே வழமை. சாமி அறையில் தினமும் பத்து நிமிடம் இருப்பவருக்கு அந்த நேரமும் இடமும் முன்பே இருக்கின்றன. யோகத்தின் உண்மையான பலம் இந்தத் தொடர்ச்சி. குருவின் சொல்லுக்கு மறுப்பில்லை என்ற பழக்கமும் அதே வாசலால் நுழைவதுதான் அதன் பெரிய பலவீனம்.

குறைகள் வகுப்பறையில் பளிச்சென்று தெரியும். முழங்கால் தேய்ந்தவரைச் சம்மணம் கட்டி இருத்துவார்கள். சாம்பிராணிப் புகைக்குள் தொய்வுக்காரருக்கு மூச்சுப் பயிற்சி நடக்கும். “நல்லா ஆழமா இழுங்கோ” என்று உற்சாகப்படுத்துவார்கள். மெதுவாக்காமல் ஆழமாக்கினால் இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்து விரல் விறைக்கும், தலை சுற்றும், அதைச் சக்தி ஏறுவதாகச் சொல்பவரும் உண்டு. வெறும் வயிறு என்ற விதிக்காக இன்சுலின் போட்டவர் காலைச் சாப்பாட்டைப் பிற்போட்டால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். எல்லாவற்றையும்விட மோசமானது, மூன்று மாதத்தில் குளிசையை நிறுத்தலாம் என்ற வாக்குறுதி. பயிற்சியால் பிறஷர் உண்மையாகவே இறங்கினால் அது அளவீட்டில் தெரியும்; மருந்தைக் குறைப்பது அந்த எண்களைப் பார்க்கும் வைத்தியரின் வேலை. கிளினிக்கில் முறை வரும்வரை வாங்கில் காத்திருக்கும் நேரத்திலேயே இந்த மூச்சைச் சொல்லிக்கொடுக்கலாம். சாய்ந்திருக்க இடமும் பிறஷர் பார்க்கும் கருவியும் அங்கே தயாராக இருக்கின்றன.