டிரைவைச் சரிபண்ணி டிஸ்க்கைத் தொலைப்பது

பழைய ஃப்ளாப்பி டிரைவைச் சரிபண்ணுறது பற்றிய குறிப்புகள் பலவும் ஒரே மாதிரி முடியும்: ஒரு ஒரிஜினல் கேம் டிஸ்க்கைப் போடுகிறார்கள், கேம் ஓடுகிறது, வேலை முடிந்தது. இந்த அளவுகோல் சரியா என்பதுதான் என் கேள்வி. காமடோர் 1541 டிரைவை வைத்தே பார்ப்போம்.

1982இல் வந்த இந்த டிரைவ், காமடோர் 64 கம்ப்யூட்டரின் ஜோடி. உள்ளே தனி 6502 புராசஸர், 2 கேபி ராம். டிஸ்க்கில் 35 டிராக், சுமார் 170 கேபி இடம். இவ்வளவு இருந்தும், ஹெட் முதல் டிராக்குக்கு வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சென்சார் கிடையாது. ஹெட்டைப் பின்னாடி தள்ளி ஒரு தடுப்பில் முட்டவைத்துத்தான் தெரிந்துகொள்ளும். அந்த ‘டடடட’ சத்தம் இதனால்தான். காப்பி அடிப்பதைத் தடுக்க வேண்டுமென்றே பிழையான செக்டார் வைத்த கேம்கள் இந்த முட்டலை இன்னும் கூட்டின. முட்டி முட்டி, ஸ்டெப்பர் மோட்டார் தண்டில் மாட்டிய புல்லி நழுவி, ஹெட் இடம் மாறிவிடும். டிராக்குகளின் இடைவெளியே சுமார் அரை மில்லிமீட்டர்தான்.

இந்த விலகல் மெதுவாக வந்தால், டிரைவின் சொந்தக்காரருக்குச் சட்டென்று தெரியாது. விலகின ஹெட்டே ஃபார்மட் பண்ணுகிறது, எழுதுகிறது, படிக்கிறது. எல்லாமே ஒரே அளவு விலகி இருப்பதால் அவர் டிஸ்க்குகள் அவருடைய டிரைவில் நன்றாகவே ஓடும். கடையில் வாங்கியதுதான் தகராறு பண்ணும்.

இப்போது நாம் போய் ஹெட்டைச் சரியான இடத்தில் நிறுத்துகிறோம். கேம் ஓடுகிறது. ஆனால் அவர் எழுதிய புரோகிராமும் கடிதமும் இனி படிக்காமல் போகலாம். கேமுக்கு உலகத்தில் ஆயிரம் பிரதி உண்டு, இவற்றுக்கு வேறு பிரதியே இல்லை. அப்படியானால் நாம் சரிபண்ணியது எதை?

அலைன்மென்ட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை முதல் வேலையாக ஆக்காதீர்கள் என்கிறேன். படிக்காத டிரைவ் என்றதும் ஸ்க்ரூவைத் தளர்த்துகிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. பல நேரம் குற்றவாளி அழுக்கு படிந்த ஹெட், அல்லது எண்ணெய் காய்ந்துபோன தண்டவாளக் கம்பி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சும் போதும். அப்புறம் வேகம் நிமிடத்துக்கு 300 சுற்று இருக்கிறதா பாருங்கள்.

அதற்குப் பிறகும் சிக்கல் என்றால், அந்த டிரைவே எழுதிய டிஸ்க் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். தன்னுடையதைப் படித்து மற்றதைப் படிக்கவில்லையென்றால் அலைன்மென்ட் மேல் சந்தேகப்படலாம். இரண்டையுமே படிக்கவில்லையென்றால் கோளாறு அநேகமாக வேறெங்கோ.

அலைன்மென்ட்தான் என்று உறுதியானாலும் ஸ்க்ரூவைத் தொடும் முன், கூட வந்த டிஸ்க்குகளை அந்த விலகின நிலையிலேயே நகல் எடுத்துவிடுங்கள். ஜூம்ஃப்ளாப்பி போன்ற அடாப்டர் இருந்தால் 1541ஐ இன்றைய கம்ப்யூட்டரில் யுஎஸ்பி வழியாக இணைத்து எடுக்கலாம். ஏற்கெனவே திருகிவிட்டீர்களா? டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். உபரியான ஒரு டிரைவை வேண்டுமென்றே விலக்கிவைத்து, அந்த டிஸ்க்குக்குப் பொருந்துகிற இடத்தைத் தேடிப் பார்க்க இன்னும் வழி இருக்கிறது.

ரிப்பேர் குறிப்பு எழுதுகிறவர்கள் இந்த நகல் வேலையைக் கடைசிப் பத்தியில் இல்லாமல் முதல் வரியில் சொல்ல வேண்டும்.