பீப்புக்கு எந்தத் திரை?

பழைய கம்ப்யூட்டருக்கு மானிட்டர் தேடுகிறவர்கள் செகண்ட் ஹேண்ட் விற்பனைப் பட்டியலைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இயந்திரத்தின் முதுகை. பிபிசி மைக்ரோ மாடல் பி-யைத் திருப்பி வைத்தால், படம் வெளியே வர மூன்று சாக்கெட்டுகள் தெரியும்: டிவியின் ஆன்டெனா வழியாகப் போகும் யுஎச்எஃப், திருகிப் பூட்டும் பிஎன்சி, ஆறு பின் கொண்ட வட்டமான ஆர்ஜிபி. மூன்றிலும் வருவது ஒரே படம். எதில் கேபிளைச் செருகுகிறோம் என்பதைப் பொறுத்து அது கண்ணாடி போலவும் தெரியலாம், கண்ணைக் கசக்க வைக்கவும் செய்யலாம். மானிட்டரின் விலை அதற்கு அடுத்த விஷயம்.

கேம்பிரிட்ஜின் ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட கம்ப்யூட்டர் இது. பிபிசியின் கணினிக் கல்வித் திட்டத்துக்காகவே செய்தது. 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 சிப், மாடல் பி-யில் 32 கிலோபைட் நினைவகம். 335 பவுண்டு என்று அறிவித்து, சீக்கிரமே 399 ஆக்கினார்கள். பிரிட்டனின் பள்ளிகள் வாங்கிக் குவித்தன. பிள்ளைகள் ‘பீப்’ என்று செல்லமாக அழைத்தார்கள். 1984-இல் இந்திய அரசு பள்ளிகளுக்காகத் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்திலும் இதே பிபிசி மைக்ரோதான் வகுப்பறைக்கு வந்தது. அதனால் இந்தியாவில் ஏதாவது பழைய பள்ளியின் பரணில் ஒன்று கிடைத்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

கிடைத்தால், உடனே பிளக்கைச் செருகிவிடக் கூடாது. இதன் பவர் சப்ளையில் மின்னிரைச்சலை வடிகட்டும் ரிஃபா கெப்பாசிட்டர்கள் உண்டு. அவற்றின் ஒளி ஊடுருவும் மேலுறை வயதானதும் விரிசல் விட்டு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஸ்விட்சைப் போட்ட சில நிமிடங்களில் புகையும் நாற்றமும் கிளம்புவது இந்தக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களிடையே பழகிப்போன கதை. மானிட்டருக்குச் செலவழிக்கும் முன் அவற்றை மாற்றிவிட வேண்டும். செலவும் மிகக் குறைவு.

யுஎச்எஃப் வாசலை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். படத்தை 36-ஆம் சேனலில் ஏற்றி, டிவி மறுபடி இறக்கி, அதற்குள் எழுத்தின் ஓரமெல்லாம் கரைந்திருக்கும். வேறு வழியே இல்லாதபோது கம்ப்யூட்டருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க உதவும். அவ்வளவுதான்.

பிஎன்சியில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே விட்டால் அதில் கறுப்பு வெள்ளைப் படம்தான் வரும். பிற்கால போர்டுகளில் எஸ்39 என்று குறித்த இடத்தை இணைத்தால் நிறமும் சேர்ந்து வரும். நிறம் வந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் 80 எழுத்து அகலத்தில் ஒரு கடிதம் எழுதிப் பார்த்தால் ஏகார்னின் பொறியாளர்கள் ஏன் அதை மூடி வைத்தார்கள் என்று புரிந்துவிடும். மோட் 0 என்ற அந்த 80 எழுத்துத் திரை முறையில் ஒரு வரிக்கு 640 புள்ளிகள். அவை நொடிக்கு 1.6 கோடி என்ற வேகத்தில் பாய்கின்றன. பால் (PAL) என்ற கலர் டிவி முறையில் நிறத்தைச் சுமக்கும் அலை 4.43 மெகாஹெர்ட்ஸில், வெளிச்சத் தகவலுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. நுண்ணிய எழுத்துகளை டிவி நிறம் என்று தவறாகப் புரிந்துகொண்டு வானவில் பூசிவிடும்.

நிறத்தைச் சேர்க்காமல் அந்த பிஎன்சியை ஒரு பச்சை அல்லது அம்பர் ஒற்றை நிற மானிட்டரில் மாட்டினால் கதையே வேறு. ஒற்றை நிறப் படக்குழாயில் எலக்ட்ரான் கற்றையைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்துவிடும் துளைத் தகடு கிடையாது. புள்ளி விழுந்த இடத்தில் அப்படியே ஒளிரும். 80 எழுத்து வரிகள் அச்சடித்தாற்போல் நிற்கும். எட்டு நிறங்களும் வெளிச்ச வேறுபாடுகளாக மாறித் தெரியும். எழுதுவதும் புரோகிராம் தட்டுவதும் மட்டுமே நோக்கம் என்றால், கண்காணிப்புக் கேமராவுக்குப் பயன்பட்ட ஒரு பழைய ஒற்றை நிற மானிட்டர் போதும். விளையாடுகிறவர்களுக்கு இது பிடிக்காது.

மிச்சமிருப்பது ஆறு பின் சாக்கெட். முதல் மூன்று பின்களில் சிவப்பு, பச்சை, நீலம், நான்காவதில் ஒத்திசைவுத் துடிப்பு, அதாவது சின்க், ஐந்தாவது கிரவுண்ட், ஆறாவதில் 5 வோல்ட் மின்சாரம். நிறங்கள் கலக்காமல் தனித்தனிக் கம்பியில் வருவதால் இதுதான் பீப்பின் ராஜபாட்டை. இந்தப் பாதையில் இரண்டு முட்கள் உண்டு. ஒன்று, வேகம்: படத்தின் வரிகள் நொடிக்கு 15,625 என்ற கணக்கில் வருகின்றன. சாதாரண விஜிஏ மானிட்டர் 31,000-க்குப் பக்கத்தில்தான் பேச ஆரம்பிக்கும். அதற்குக் கீழே ‘சிக்னல் வரம்புக்கு வெளியே’ என்று சொல்லிவிட்டு இருண்டுவிடும். இன்னொன்று, அழுத்தம்: பீப் அனுப்புவது டிடிஎல் என்கிற ‘உண்டு, இல்லை’ வகை சிக்னல். இன்றைய பெட்டிகள் எதிர்பார்ப்பது 0.7 வோல்ட். நடுவில் ரெசிஸ்டர் இல்லாத கேபிளை மாட்டுவது பெட்டிக்கு நல்லதல்ல. கேபிள் வாங்கும்போது பிபிசி மைக்ரோவுக்கென்று செய்ததா என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. ஆறு பின் பொருந்துகிறது என்பது போதாது.

இந்த இரண்டு முட்களும் தைக்காத திரை, பீப்போடு சேர்ந்தே புழங்கிய மைக்ரோவிடெக் கப். பிராட்ஃபோர்டில் தயாரான 14 அங்குலக் கலர் மானிட்டர். பிரிட்டிஷ் வகுப்பறைகளில் கம்ப்யூட்டரின் தலைமேல் இரும்புப் பெட்டியாக உட்கார்ந்திருந்தது இதுதான். டிடிஎல் சிக்னலை நேரடியாக ஏற்கும். நிறங்கள் தட்டையாக, அடர்த்தியாக, பக்கத்து நிறத்தோடு ஒட்டாமல் நிற்கும். அந்தக் காலத்து விளையாட்டுகளை வரைந்தவர்கள் பார்த்து வரைந்த படமும் இதுவே. ஆனால் எல்லா கப்பும் ஒன்றல்ல. மலிவாகப் பரவியது 1431. அதன் படக்குழாயின் புள்ளிகள் 40 எழுத்து வரிக்கு அருமை, 80 எழுத்துக்குத் திணறும். நடுத்தரத் துல்லியம் கொண்ட 1451 கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம். நாற்பது வயதான படக்குழாய் எப்போது மங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மூடியைக் கழற்றிச் சரிசெய்யும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்வது நல்லது. கலர் படக்குழாய்க்குள் இருபதாயிரம் வோல்ட்டுக்கும் மேல் தேங்கியிருக்கலாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும்.

எந்தத் திரையையும் சோதிக்க பீப்பிலேயே ஒரு கடுமையான பரீட்சைத்தாள் இருக்கிறது. அதன் பெயர் மோட் 7. டிவியின் டெலிடெக்ஸ்ட் பக்கங்களுக்காகச் செய்த எஸ்ஏஏ5050 சிப் இதன் எழுத்துகளை உருவாக்குகிறது. முழுத் திரைக்கும் ஒரே ஒரு கிலோபைட் நினைவகம் போதும் என்பதால் புரோகிராம் எழுதுகிறவர்கள் இதை விரும்பினார்கள். வேர்ட்வைஸ் என்ற புகழ்பெற்ற எழுத்துச் செயலியும் இதில்தான் ஓடியது. அந்தச் சிப் ஒரு தந்திரம் செய்கிறது. ஒரு படத்தை ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு தவணையாக அனுப்பி, இரண்டிலும் சற்று வேறான புள்ளிகளை வைத்து, சாய்கோடுகளின் படிக்கட்டை வழித்துவிடுகிறது. படக்குழாயில் இரண்டு தவணையும் பின்னிக்கொண்டு வழவழப்பான எழுத்தாகும், லேசான நடுக்கத்தோடு. தவணை ஒவ்வொன்றையும் முழுப் படம் என்று எடுத்துக்கொள்ளும் பெட்டியில் எழுத்துகள் மேலும் கீழும் துள்ளும். ஒரு தவணையைத் தூக்கி எறியும் பெட்டியில் பல் உடைந்த எழுத்துகள் வரும். கடையில் வாங்கும் சிறு மாற்றிகளில் பெரும்பாலானவை இங்கேதான் தோற்கின்றன.

ஜிபிஎஸ்-8200 என்ற பச்சை நிற போர்டு அந்த ரகம். ஆர்கேட் இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவர்களிடம் பிரபலம், விலை மலிவு, விஜிஏ மானிட்டருக்குப் படத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆனால் எழுத்தின் ஓரங்களை மெழுகிவிடுகிறது. ஓஎஸ்எஸ்சி என்ற திறந்த வடிவமைப்புப் பெட்டி அதைவிடப் பல படி மேல்: படத்தைச் சேமித்து வைக்காமல் வரும் வரியை அப்படியே பெருக்கி அனுப்புவதால் தாமதமே கிடையாது, மோட் 0 முதல் 6 வரை படம் கூர்மை. மோட் 7-இல் அதுவும் துள்ளும். பென்கியூ பிஎல்702ஏ போல, 15 கிலோஹெர்ட்ஸை நேரடியாக ஏற்கும் சில எல்சிடி மானிட்டர்களும் உண்டு. பெட்டியே வேண்டாம், சரியான ரெசிஸ்டர் கேபிள் போதும் என்பது அவற்றின் கவர்ச்சி. அந்தப் பெயரைத் தேடி அலைகிறவர்கள் அதிகமானதால் விலையும் ஏறிவிட்டது. அந்தப் பணத்துக்கு அடுத்து வரும் வழி மேலானது.

அந்த வழியின் பெயர் ஆர்ஜிபி-டு-எச்டிஎம்ஐ. ராஸ்பெர்ரி பை ஸீரோ என்ற குட்டிக் கம்ப்யூட்டரின் மேல் ஒரு சின்ன லாஜிக் சிப் போர்டு, திறந்த வடிவமைப்பு, பிறந்ததே பிபிசி மைக்ரோவுக்காக. மற்ற பெட்டிகள் சிக்னலை அலையாகப் பார்த்து ஊகிக்கின்றன. இது பீப் எந்த வேகத்தில் புள்ளிகளைத் தள்ளுகிறது என்று தெரிந்துகொண்டு, மோட் 0 முதல் 6 வரை 16 மெகாஹெர்ட்ஸிலும் மோட் 7-க்கு 12-லும் புள்ளிக்குப் புள்ளி எடுத்து வைக்கிறது. டிடிஎல் சிக்னல் இதற்குத் தாய்மொழி. மோட் 7-இன் இரண்டு தவணைகளையும் பின்னித் தருவதற்குத் தனி ஏற்பாடு இருப்பதால் எழுத்து துள்ளுவதும் இல்லை, பல் உடைவதும் இல்லை. பீப்புக்கென்று செய்த போர்டு ஆறாவது பின்னில் வரும் 5 வோல்ட்டிலேயே ஓடுவதால் மேஜைமேல் இன்னொரு அடாப்டர் சேராது. முதல் முறை அதன் மெனுவில் தானியங்கி அளவுத்திருத்தத்தை ஓடவிட வேண்டும். அப்போது திரையில் அசையாத, எழுத்து நிறைந்த படம் ஒன்று இருப்பது அவசியம். கர்சர் மட்டும் மினுக்கும் வெற்றுத் திரையை வைத்து அளந்தால் எழுத்தோரங்களில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் துடிக்கும்.

இதோடு மாட்டும் எல்சிடி எது? அகலத் திரை வேண்டாம். அலுவலகங்கள் கழித்துவிடும் 19 அங்குல, 1280-க்கு 1024 புள்ளி கொண்ட, டிவிஐ சாக்கெட் உள்ள பழைய மானிட்டர்தான் பீப்புக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. பீப்பின் படம் 640-க்கு 256. அகலத்தை இரண்டால், உயரத்தை நான்கால் பெருக்கினால் 1280-க்கு 1024, மிச்சமின்றி. ஒரு புள்ளியும் பாதியாக வெட்டுப்படாது, ஓரத்தில் கறுப்புப் பட்டையும் விழாது. மோட் 7 மட்டும் 480-க்கு 500 என்பதால் அந்தப் பெருக்கலில் முழுசாக அடங்காது. அதற்குக் கொஞ்சம் ஓர இடம் விட்டுத்தான் ஆக வேண்டும்.

வாங்கும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: 50 ஹெர்ட்ஸை ஏற்குமா? பீப் நொடிக்கு 50 படம் தருகிறது. அலுவலக மானிட்டர்கள் பலவற்றின் கையேட்டில் 56-இலிருந்துதான் கணக்குத் தொடங்கும், ஆனாலும் சில 50-ஐ மறுபேச்சில்லாமல் காட்டிவிடும். ஏற்காவிட்டால் போர்டை 60-க்கு மாற்றலாம். எழுதுவதற்கு அதனால் குறையில்லை; ரெப்டன் போன்ற விளையாட்டில் திரை நகரும்போது சின்னச் சின்னத் திக்கல் தெரியும். மானிட்டருக்குப் பதில் வரவேற்பறை டிவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு, இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் விற்ற டிவிகள் 50-ஐ ஏற்கும் என்பது ஆறுதல். எச்டிஎம்ஐ வழியே ஒலி வராதே என்ற கவலை வேண்டாம். பீப்பின் ஸ்பீக்கர் விசைப்பலகைக்குப் பக்கத்திலேயே, பெட்டிக்குள் இருக்கிறது.

படக்குழாயைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இன்னும் இரண்டு வேலைகள். படம் மேலே ஏறி நின்றால் மானிட்டரின் திருகைத் தொடுவதற்கு முன் ‘*டிவி 255’ என்று தட்டலாம். ஒரு வரி கீழிறங்கும். ‘*டிவி 0,1’ என்றால் இரண்டு தவணை முறை நின்று நடுக்கம் அடங்கும். ஆனால் அடுத்த மோட் மாற்றத்திலிருந்துதான் அது பலிக்கும், மோட் 7-ஐ அது தொடவே தொடாது. படம் உருண்டுகொண்டே இருந்தால் சின்க் துடிப்பு தலைகீழாக இருக்கலாம். போர்டில் எஸ்31 என்ற இணைப்பு அதைப் புரட்டிப் போடும்.

கடைசிச் சோதனைக்கு எலைட் விளையாட்டை ஏற்ற வேண்டும். 1984-இல் வந்த இந்த விண்வெளி விளையாட்டு, ஒவ்வொரு படத்தின் நடுவிலும் மோடை மாற்றுகிறது: மேலே இரண்டு நிறத்தில் நுண்ணிய கோட்டு விண்கலங்கள், கீழே நான்கு நிறத்தில் கருவிப் பலகை. இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லைக்கோடு ஆடாமல் நின்று, கலத்தின் சாய்கோடுகளில் நிறம் கசியாவிட்டால் கேபிளும் சரி, திரையும் சரி. கப் 1451-இலும், ஆர்ஜிபி-டு-எச்டிஎம்ஐ மாட்டிய 19 அங்குல எல்சிடியிலும் இதை எதிர்பார்க்கலாம். இடமும் முதுகெலும்பு வலுவும் உள்ளவர்கள் கப்பைத் தேடலாம். மற்றவர்கள் எல்சிடியோடு நிறுத்திக்கொள்ளலாம்.