நகராத சிகரமும் நகரும் தொடக்கக் கோடும்

எவரெஸ்ட் ஏறுவது கடினமா, அண்டார்டிகாவைக் குறுக்கே கடப்பது கடினமா? இதற்குப் பதில் சொல்லும் தகுதி ரெயின்ஹோல்ட் மெஸ்னருக்கு உண்டு. 1978-இல் பீட்டர் ஹாபெலரோடு சேர்ந்து, சிலிண்டர் ஆக்சிஜன் இல்லாமல் எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். 1980-இல் திபெத் பக்கமாகத் தன்னந்தனியாக மறுபடியும் ஏறினார். 1989–90-இல் ஆர்வெட் ஃபுக்ஸுடன் அண்டார்டிகாவை 92 நாளில் கடந்தார். இரண்டையும் உடம்பால் அறிந்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்களின் ஒப்பீடு பெரும்பாலும் குளிரின் அளவையும் உயரத்தின் அளவையும் அடுக்குவதோடு நின்றுவிடுகிறது.

உண்மையான வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. 8,000 மீட்டருக்கு மேலே சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடம்பு தேய்கிறது. எவரெஸ்ட் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். 1996 மே 10 மாலை புயல் வந்தபோது, தாமதமாக இறங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு நாள்கணக்கில் அவகாசம் இருக்கவில்லை. மறுநாளுக்குள் 8 பேர் இறந்துபோனார்கள். துருவப் பீடபூமியில் அப்படியில்லை. தென் துருவம் 2,835 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. கூடாரத்துக்குள் நுழைந்து, அடுப்பில் பனியை உருக்கிக் குடித்து, இரண்டு நாள் புயலைக் காத்திருந்து கழிக்கலாம். ஆனால் மலையில் இருக்கும் ஒரு வழி அங்கே இல்லை. மலையில் நோய்ப்பட்டவரை ஆயிரம் மீட்டர் கீழே இறக்கினாலே பலமுறை உயிர் திரும்பிவிடும். பீடபூமியில் எந்தப் பக்கம் போனாலும் அதே வெள்ளை, அதே குளிர்.

அண்டார்டிகாவைக் கடக்கும் ஷாக்கிள்டனின் கனவை முடிக்கத் தனியாகப் புறப்பட்ட ஹென்றி வோர்ஸ்லி, 2016 ஜனவரியில் 71-ஆம் நாள் உதவி கேட்டார். இலக்குக்கு ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. விமானம் வந்து தூக்கிச் சென்றும், வயிற்றுக்குள் பரவிய தொற்றால் சிலி நாட்டு மருத்துவமனையில் இறந்தார். மலை சில மணி நேரத்தில் கொல்வதைத் துருவம் வாரக்கணக்கில் செய்கிறது. எது கொடியது என்று தரவரிசை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. யார் சுமக்கிறார்கள், அதை எப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகள்தான் முக்கியம்.

முதல் கேள்வியில் இன்றைய எவரெஸ்ட் தோற்றுப்போகிறது. கும்பு பனியருவியில் ஏணி வைப்பது, உச்சிவரை கயிறு கட்டுவது, முகாம் போடுவது, ஆக்சிஜன் சிலிண்டரை மேலே ஏற்றுவது எல்லாம் பெரும்பாலும் ஷெர்ப்பாக்களின் வேலை. பணம் கட்டி வந்தவர் அந்தப் பனியருவியைச் சில தடவை கடந்தால் போதும். அவருடைய மூட்டையைச் சுமப்பவர் ஒரே பருவத்தில் பல தடவை கடக்க வேண்டும். 2014 ஏப்ரல் 18 அதிகாலை அங்கே பனிக்கட்டி சரிந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை. குடும்பத்துக்கு அரசு முதலில் அறிவித்த தொகை 40,000 நேபாள ரூபாய். ஷெர்ப்பாக்கள் கொதித்தெழுந்தார்கள், நேபாளப் பக்கத்தில் அந்தப் பருவமே ஏறக்குறைய நின்றுபோனது.

துருவப் பயணி தன் சுமையைத் தானே இழுக்கிறார். நூறு கிலோவைத் தாண்டும் இழுவை வண்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு, காற்று செதுக்கிய பனி வரப்புகள்மேல் இரண்டு மாதம் நடப்பதில் பொய்க்கு இடமில்லை. பொய் நுழைவது தலைப்புச் செய்தியில். 2018 டிசம்பரில் கொலின் ஓபிரேடி சுமார் 1,500 கிலோமீட்டரை 54 நாளில் முடித்து, துணையின்றி, இடைவழி உணவு பெறாமல், காற்றாடி இழுக்காமல் அண்டார்டிகாவைக் கடந்த முதல் ஆள் என்று அறிவித்தார். உழைப்பு மெய். ஆனால் கடலோரத்துப் பனித்தட்டுகளை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. துருவத்துக்குப் பிறகு அவர் போனது டிராக்டர்களுக்காகச் சமன்படுத்திக் கொடி நட்ட பாதை. 1996–97-இல் போர்கே ஊஸ்லாண்ட் தனியாகக் கடந்த தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அவர் காற்றாடியின் உதவியைப் பெற்றதால் முதலிடம் காலியாகக் கிடந்ததாம்! கோட்டை எங்கே போடுவது என்பதைப் பயணியே தீர்மானித்தால் எல்லோரும் முதல் ஆள்தான்.

சிகரம் இப்படி நகராது. அங்கேயும் தகராறு உண்டு: 1985-இல் அன்னபூர்ணாவின் உண்மையான உச்சியை மெஸ்னர் தொடவில்லை என்று சொல்லி, 8,000 மீட்டரைத் தாண்டும் 14 சிகரங்களையும் முதலில் ஏறியவர் என்ற பட்டத்தை 2023-இல் கின்னஸ் பறித்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனாலும் அங்கே வாதம் சில மீட்டர்களைப் பற்றியது. அண்டார்டிகாவில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்கள்.

துருவப் பயணத்தின் உழைப்பு நேர்மையை அறம் என்று பாராட்டத் தயங்குகிறேன். அண்டார்டிகாவில் கூலிக்கு அமர்த்த உள்ளூர் மக்களே கிடையாது. மக்கள் வாழும் வடக்கில் என்ன நடந்தது? வட துருவத்தை எட்டியதாக 1909-இல் ராபர்ட் பியரி அறிவித்தபோது (அதுவே இன்றும் ஐயத்துக்குரியது) கடைசிவரை உடன் சென்றவர்கள் கறுப்பின அமெரிக்கரான மேத்யூ ஹென்சனும் நான்கு இனுயிட் ஆட்களும். புகழ் பியரிக்குப் போனது. 1911-இல் தென் துருவத்தை முதலில் அடைந்த அமுண்ட்சன், நாய் வண்டியையும் தோலுடையையும் பற்றி நெட்சிலிக் இனுயிட்களிடம் கற்றிருந்தார். கற்றதை மறைக்காதது அவர் பெருமை. கயிறும் சிலிண்டரும் இல்லாமல் ஏறிய மெஸ்னரின் 1980 ஏற்றம், மலையிலும் சுமையைத் தானே சுமக்க முடியும் என்று காட்டியது. ஆகவே குறை மலையில் இல்லை. அதை விற்கும் முறையில் இருக்கிறது.

துருவப் பயணங்களுக்கு இப்போது ஒரு வகைப்பாட்டுத் திட்டம் வந்திருக்கிறது. எங்கே தொடங்கினார், காற்றாடி உண்டா, பாதை உண்டா, இடையில் உணவு பெற்றாரா என்று பிரித்துக் கேட்கிறது. எவரெஸ்ட்டுக்கும் அப்படி ஒன்று வேண்டும்: ஏறியவரின் பெயருக்குப் பக்கத்தில், கயிறு கட்டியது யார், முகாம் போட்டது யார், அவருடைய சிலிண்டர்களைச் சுமந்தது யார் என்ற மூன்று பத்திகள். பயண நிறுவனங்களின் கூலிப் பட்டியலில் இந்தப் பெயர்கள் ஏற்கெனவே இருக்கும். எடுத்து எழுதுவதுதான் பாக்கி.