மீட்டுப் பார்த்த நகல்

டி.பி.ஏ. எனப்படும் தரவுத்தள நிர்வாகியிடம் எனக்கு மிகவும் பிடித்தது, எடுத்து வைத்த பேக்கப்பைச் சோதிக்காமல் நம்பாத குணம். நவல்பட்டு ஐ.டி. பூங்காவில் உட்கார்ந்தாலும் சரி, ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்தே வேலை பார்த்தாலும் சரி, நல்ல டி.பி.ஏ. அந்தப் பேக்கப்பை வேறொரு சர்வரில் ஏற்றிப் பார்த்துவிடுவார். பேக்கப்புக்குப் பின் நடந்த மாற்றங்களை லாக் கோப்பிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுவார். ஒவ்வொரு டேபிளிலும் எத்தனை பதிவுகள் என்று ஒப்பிடுவார். கணக்கு ஒத்துவந்தால்தான் அவருக்கு நிம்மதி.

இந்தக் கவனம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஸ்ரீரங்கத்துக்குக் கிழக்கே, கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருமழபாடி. அந்தக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட முதலாம் ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகளை முதலில் ஏட்டில் படியெடுக்கச் செய்தான். அவன் மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய 1026இல், அவை புதிய சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. சுவர் போனது, அதிலிருந்த பதிவு போகவில்லை.

இடிக்கும் முன் நகல் எடுப்பது பாதி வேலைதான். அதை மீண்டும் உரிய இடத்தில் ஏற்றினால்தான் வேலை முடியும். தரவுத்தளம் பிசகாமல் ஓடி, சம்பளம் சரியாகக் கணக்கில் வந்த நாளில் டி.பி.ஏ.வை யாரும் நினைப்பதில்லை. அப்படிப்பட்ட நாட்கள் தொடர்ந்து வருவதே அவர் திறமைக்குச் சான்று.